நீர், மீன், சேறு: நச்சின் காலக்கணக்கை எதில் தேடுவது?

தென்னாப்பிரிக்காவில் உம்கேனி ஆற்றங்கரையில் தோட்டம் போட்டும் டர்பன் துறைமுகத்தில் வலை வீசியும் வாழ்ந்தவர்களின் வழிவந்த நமக்கு, நீரில் நச்சு இருக்கிறதா என்பதைவிட, அது எப்போது வந்தது என்பதே பெரிய கேள்வி.

நீரை எடுத்துச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் எடுத்த நாளின் நிலையை மட்டுமே அது சொல்லும். மீன் அதைவிட மேல். அடிச்சேற்றின் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீனின் உடலில் எளிதில் சேரும் மெத்தில் பாதரசமாக மாற்ற, அது நம் தட்டுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை மீனின் தசை காட்டிவிடும். உண்பவரைக் காக்க மீனைத்தான் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அந்த மீன் பிறப்பதற்கு முந்தைய காலம் அதில் இராது.

ஏரிச்சேற்றில் அது இருக்கும். படிந்த வண்டலைக் குழாய் இறக்கிக் குலையாமல் எடுத்து, மெல்லிய வில்லைகளாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஈயம்-210 என்ற இயற்கைக் கதிரியக்கப் பொருள் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று அளந்தால், அது பாதியாகக் குறைய ஆகும் காலம் (அரை ஆயுள்) ஏறக்குறைய 22 ஆண்டுகள் என்பதால், நூறாண்டுக்குச் சற்று மேல்வரை அடுக்குகளுக்கு வயது கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளும் அடுக்கின் வயதைக் காட்டும்; ஆனால் தென்கோளத்தில் அது குறைவாகவே படிந்தது; அதைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளலாம். நம் மாகாணமான குவாசுலு-நட்டாலின் வடக்கில் மலேரியாவுக்கு எதிராக 1940-களில் தொடங்கிய டிடிடி பூச்சிக்கொல்லித் தெளிப்பு 1996-இல் நின்று, கொசுக்கள் மாற்று மருந்துக்கு அசையாததால் 2000-இல் திரும்பியது. அங்குள்ள சிபாயா ஏரியின் வண்டலில் அதன் எச்சம் கண்டறியப்பட்டுள்ளது. சிதைபொருள்களைவிட டிடிடியே மிகுந்திருந்தால் அது அண்மையில் வந்தது என்று கொள்ளலாம். இந்த நுட்பத்தை நீர்ச்சோதனையில் எதிர்பார்க்க முடியாது.

ஆனால் எல்லாச் சேறும் ஒரே தரமன்று. உம்கேனியின் கழிமுகம் நமக்குப் பக்கத்தில் இருந்தாலும், 1987 செப்டம்பர் வெள்ளம் அதன் அடிப்படிவைக் கடலுக்கு வாரிச் சென்றுவிட்டதால், காலக்கணக்குக்கு நான் அதை நம்பமாட்டேன். மேலே உள்ள இனாண்டா அணையின் சேறு விரைவாகப் படிவதால் அடுக்குகள் தடித்து, அடுத்தடுத்த ஆண்டுகளைப் பிரித்தறிய உதவும். ஆயினும் அணை முடிந்தது 1989-இல்; அணைக்கு மேலே கேட்டோ ரிட்ஜ் ஊரில் பாதரசக் கழிவைக் கையாண்ட ஆலையோ அதற்கு முன்பே இயங்கியது. அந்த முந்தைய ஆண்டுகளுக்கு ஆலைக்குக் கீழுள்ள ஓடையோரச் சதுப்புகளையே நாட வேண்டும். வேர்களும் புழுக்களும் அங்கு அடுக்குகளைக் கலைத்திருக்கக்கூடும் என்பதால், ஓரிடத்தில் எடுத்த சேற்றை வைத்து முடிவு கூறாமல், பல இடங்களில் குழாய் இறக்கி ஒப்பிட வேண்டும்.