முதல் நைட் விஷன் மோனாகுலர் வாங்குவோருக்கு: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு

ஆந்தை பார்ப்பதற்காக டிஜிட்டல் நைட் விஷன் மோனாகுலர், அதாவது இருட்டில் ஒரு கண்ணால் பார்க்கும் கருவி, வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவாவது கையில் எடுத்துவிடுவேன். இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவதை நான்கே மாதத்தில் ஓரம் வைத்துவிட்டேன். அதற்குக் காரணம் உருப்பெருக்கம்.

முதல் கருவி 6 மடங்கு, அதற்கு மேல் டிஜிட்டல் ஜூம் வேறு. எண் கூடினால் நல்லது என்று நம்பி வாங்கினேன். இரவில் அது நேர் எதிராக வேலை செய்கிறது. ஆந்தையின் குரல் வரும் திசை காதுக்குத் தெரியும். ஆனால் 6 மடங்கில் கண்ணுக்குத் தெரிவது நான்கைந்து கிளைதான். துழாவிக் கண்டுபிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகத் தெரியும். டிஜிட்டல் ஜூமோ படத்திலுள்ள புள்ளிகளைத்தான் பெரிதாக்குகிறது, புதிதாக ஒரு இறகைக்கூடக் காட்டாது. இப்போதுள்ளது 3 மடங்கு. நின்று பார்ப்பவர்களுக்கு இது போதும். கண்ணில் வைத்துக்கொண்டே நடக்க வேண்டும் என்றால் 1 மடங்குதான் சரி.

அப்புறம் அகச்சிவப்பு விளக்கு. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத ஒளியைப் பாய்ச்சும் விளக்கு இது. நிலா இல்லாத இரவில் டிஜிட்டல் கருவிக்கு உயிரே இதுதான். 850 நானோமீட்டர் அலைநீள விளக்கு தூரமாக எட்டும், ஆனால் எதிரில் நிற்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் சென்சார் அந்த ஒளியைக் குறைவாகவே உணரும் என்பதால் எட்டும் தூரம் குறைந்துவிடும். நான் 850 வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம், ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் குவிக்கவும் முடிய வேண்டும். ஒரு முறை வரப்போரம் குத்துக்காலிட்டு முயலைப் பார்க்க முயன்றேன். முன்னால் இருந்த புல் திரையில் வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது, பின்னால் எல்லாம் இருட்டு. எழுந்து நின்று, ஒளியைக் குறைத்துக் குவித்ததும் இரண்டு காதுகள் தனியாகத் தெரிந்தன. மூடுபனியிலும் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இதே தொல்லைதான். ஒளி திரும்பி நம் மேலேயே அடிக்கும்.

பெட்டியில் 300 மீட்டர் என்று போட்டிருந்தால், ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரியும் தூரம் அது. என் கருவியில் முயலா பூனையா என்று உறுதியாகச் சொல்ல 80 மீட்டருக்குள் வர வேண்டும்.

டிஜிட்டல் சென்சாருக்குப் பதிலாக, இருக்கும் கொஞ்ச ஒளியை ஒரு குழாயில் பெருக்கிக் காட்டும் ட்யூப் வகை வாங்கலாமா என்று பலரும் யோசிப்பார்கள். முதல் தலைமுறை ட்யூப்பில் ஓரங்கள் கலங்கலாகத் தெரியும், இருட்டில் அதற்கும் அகச்சிவப்பு விளக்கு வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் நட்சத்திர வெளிச்சமே போதும், படம் தாமதமில்லாமல் வரும். ஆனால் விலை பல மடங்கு. பலமான வெளிச்சம் பட்டால் ட்யூப் பழுதாகலாம். டிஜிட்டலைப் பகலிலும் எடுத்துப் பழகலாம் என்பதால் தொடங்குகிறவருக்கு அதையே சொல்வேன். தெர்மல் கருவி உடல் சூட்டை வைத்து உயிரைச் சட்டென்று கண்டுபிடிக்கும், ஆனால் எந்த ஆந்தை என்று அடையாளம் காண அது உதவுவதில்லை.

பேட்டரி கழற்றி மாற்றுவதாக இருக்கட்டும். விளக்கை முழு அளவில் வைத்தால் வேகமாகத் தீர்ந்துவிடும். நான் 18650 என்ற அளவுள்ள ரீசார்ஜ் பேட்டரி இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுகிறேன். மூன்று வருடத்தில் கண்பட்டை ரப்பர் கிழிந்தது, ஃபோகஸ் வளையம் கொஞ்சம் இறுகியது. மற்றபடி குறையில்லை. திரை வெளிச்சத்தை எப்போதும் ஆகக் குறைவாக வையுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணை அது கெடுத்துவிட்டால் மீண்டும் பழக அரைமணி நேரம் வரை ஆகும். அதனால்தான் நான் ஒரே கண்ணால் பார்த்து, மற்றதைப் பாதைக்கு விட்டுவைக்கிறேன்.

திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே நிலா இல்லாத இரவொன்றில் சோதித்துவிடுங்கள். முதலில் திரையிலுள்ள எழுத்து தெளிவாகும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்புங்கள், பிறகு 50 மீட்டரில் ஒரு மரத்துக்கு ஃபோகஸ் செய்யுங்கள். எழுத்து தெளிவாக இருந்தும் இலைகள் பிரிந்து தெரியவில்லையென்றால், அந்தக் கருவியை வைத்துக்கொள்ள வேண்டாம்.