தெரபி மையமா, வீடா, சிறப்புப் பள்ளியா, பொதுப் பள்ளியா: பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைக்கு எது?

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், கேட்புக் குறைபாடு, இல்லையென்றால் இன்னும் பெயர் முடிவாகாத வளர்ச்சித் தாமதம். இப்படி ஏதோ ஒன்றை மருத்துவர் சொன்னதுமே பெற்றோர் முன் நாலு வழிகள் வந்து நிற்கும். தெரபி மையத்துக்குக் கூட்டிப் போகலாம். வீட்டிலேயே பயிற்சி கொடுக்கலாம். சிறப்பு மழலையர் பள்ளியில் சேர்க்கலாம். எல்லாக் குழந்தைகளும் வரும் பொதுவான மழலையர் பள்ளியில், கூட ஓர் உதவியாளரை வைத்துச் சேர்க்கலாம். எது நல்லது என்று விசாரித்தால், அவரவர் நடத்துவதைத்தான் அவரவர் நல்லது என்பார்கள். அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

நான் ஒப்பிடும் அளவுகோல் ஒன்றுதான்: கற்றுக்கொண்டது குழந்தையின் அன்றாடத்துக்குள் எவ்வளவு தூரம் வந்து சேர்கிறது? மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 13 மணி நேரமே தூங்கினாலும் வாரத்தில் 77 மணி நேரம் குழந்தை விழித்திருக்கிறது. வாரம் இரண்டு முறை 45 நிமிடத் தெரபி என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். மீதி 75 மணி நேரத்தைத் தொடாத எந்த ஏற்பாடும், எவ்வளவு திறமையான தெரபிஸ்ட் கையில் இருந்தாலும், பாதிதான் பலன் தரும்.

மையமும் வீடும்

மையத்துக்கு ஈடு இல்லாத வேலைகள் உண்டு. விழுங்கும்போது தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று பார்ப்பது, காக்ளியர் இம்ப்ளாண்ட் என்ற, அறுவை சிகிச்சையில் பொருத்தும் கேட்புக் கருவியைக் குழந்தைக்கு ஏற்றபடி சரிசெய்வது, காலைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்டுக்கு அளவெடுப்பது, எந்தத் திறன் எந்த வயது மட்டத்தில் நிற்கிறது என்று முறையாக மதிப்பிடுவது. இவற்றுக்குப் பழகிய கண், பழகிய கை, சரியான கருவி மூன்றும் வேண்டும். வீடியோ பார்த்து வீட்டில் முயலக் கூடாதவை இவை.

சிக்கல் வருவது மற்ற வேலைகளில். ஒரு பேச்சுப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். தெரபிஸ்ட் டம்ளர் படத்தைக் காட்டுகிறார், குழந்தை "தண்ணி" என்கிறது. பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லிவிட்டது என்று நோட்டில் ஏறுகிறது. அதே குழந்தை சாயங்காலம் வீட்டில் தாகம் எடுத்தால் அம்மாவின் கையைப் பிடித்துக் குடம் இருக்கும் பக்கம் இழுக்கிறது. அம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தண்ணீரை நீட்டிவிடுகிறார். அந்த வார்த்தைக்கு வீட்டில் வேலையே இல்லாமல் போய்விடுகிறது. இங்கே குழந்தைக்குத் தெரபி போதவில்லை என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். டம்ளரைக் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கையை இழுத்ததும் கொடுக்காமல், குழந்தையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, மனதுக்குள் பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு ஒலி, ஒரு பார்வை, ஒரு சைகை எது வந்தாலும் "தண்ணியா? இந்தா தண்ணி" என்று சொல்லி உடனே கொடுக்க வேண்டும். ஒரு நாளில் இதற்கு ஏழெட்டு வாய்ப்பு தானாகவே கிடைக்கும்.

பெற்றோரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் மையங்கள் மீது எனக்கு வருத்தம் இதனால்தான். அம்மா உள்ளே இருந்தால் குழந்தை அழும் என்பார்கள். சில குழந்தைகள் அழும்தான். அப்படியென்றால் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்க்கவிடலாம், போனில் பதிவு செய்து காட்டலாம். வெளியே வரும்போது "இன்னைக்கு நல்லா பண்ணான்" என்ற ஒரு வரி மட்டும் கிடைத்தால், வீட்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

பெற்றோர் வழியாகப் பயிற்சி என்பது மையம் கிடைக்காதவர்களுக்கான இரண்டாம் தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1969-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல உதாரணம். கிராமப்புறத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குழந்தைகளை ஒரே இடத்தில் கூட்ட முடியாததால், ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போனார். பிறந்தது முதல் ஆறு வயது வரைக்குமான 580 திறன்கள் கொண்ட பட்டியலிலிருந்து அந்த வாரத்துக்கு ஓரிரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பெற்றோருக்குச் செய்து காட்டி, அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்த்துத் திருத்திவிட்டு வந்தார். வாரம் முழுக்கச் செய்தவர்கள் பெற்றோர். அந்த முறை பின்னாளில் பல நாடுகளுக்குப் போனது.

ஆட்டிசத்தில் இன்னொரு சான்று. பிரிட்டனில் 152 குழந்தைகளை வைத்து நடந்து 2010-ல் வெளியான பேக்ட் ஆய்வில், பெற்றோரும் தெரபிஸ்டும் சேர்ந்து, பெற்றோர் குழந்தையோடு விளையாடும் வீடியோவைப் பார்த்தார்கள். குழந்தை எப்போது பார்க்கிறது, எப்போது திரும்பிக்கொள்கிறது, பெரியவர் எங்கே அவசரப்படுகிறார் என்று கவனித்துப் பேசினார்கள். பெற்றோர் குழந்தைக்குப் பதில் கொடுக்கும் விதம் நன்றாக மாறியது. ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் அப்போது கிடைத்த மாற்றம் சிறியதுதான். சுமார் ஆறு வருடம் கழித்து அதே குழந்தைகளைப் பார்த்து 2016-ல் வெளியிட்ட முடிவில், பயிற்சி பெற்ற குடும்பத்துக் குழந்தைகளிடம் அறிகுறிகளின் தீவிரம் குறைவாக இருந்தது. உடனடிப் பலன் கண்ணில் படவில்லையே என்று மூன்றாவது மாதத்தில் விட்டுவிட நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

மூளை முடக்குவாதத்திலும் கதை இதே திசையில்தான். அயோனா நோவாக்கும் சக ஆய்வாளர்களும் 2013-ல் சிகிச்சைகளைத் தரம் பிரித்தபோது, குழந்தை தானே முயன்று செய்யும், குறிக்கோள் வைத்த பயிற்சியும், முறையாகத் திட்டமிட்ட வீட்டுப் பயிற்சியும் பலன் தருபவற்றின் பட்டியலில் வந்தன. குழந்தை சும்மா படுத்திருக்க, கைகாலை வேறொருவர் அசைத்துக் கொடுப்பதால் அது சட்டை போடக் கற்றுக்கொள்ளாது. சட்டைக்குள் கையை விட்டுப் பழகினால்தான் வரும்.

சரி, அப்படியானால் வீடே போதுமா என்றால், வீட்டு வழியின் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாப் பாரமும் ஒரே ஆள் மீது, பெரும்பாலும் அம்மா மீது, வந்து இறங்கிவிடும். நாலு தெரபிஸ்ட் நாலு விதமாகக் கொடுக்கும் பன்னிரண்டு பயிற்சியைத் தினமும் செய்து முடிப்பது எந்த வீட்டிலும் நடக்காது. நடக்கவில்லை என்று அவரைக் குற்ற உணர்ச்சியில் தள்ளுவது கொடுமை. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று இலக்கு போதும். அதுவும் குளிப்பது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, படுப்பது என்று எப்படியும் நடக்கிற வேலைக்குள் நுழைய வேண்டும். அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா எல்லோருக்கும் ஆளுக்கொன்று பிரித்துத் தர வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்ற சண்டை ஒன்று தனியாக ஓடுகிறது. 1987-ல் அமெரிக்க உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில் வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற, ஆட்டிசம் உள்ள 19 குழந்தைகளில் 9 பேர் பொது வகுப்பில் சாதாரணமாகத் தேறினார்கள் என்று வந்தது. ஆனால் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல அது, அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2001-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு ஆட்டிசத்துக்குப் பரிந்துரைத்தது வாரம் குறைந்தது 25 மணி நேரம். அந்த 25 மணி நேரத்துக்கும் குழந்தையை மேஜை முன் உட்காரவைக்க வேண்டும் என்று பொருளல்ல. குழந்தை ஈடுபாட்டோடு, நோக்கத்தோடு கற்கும் நேரம் எல்லாமே கணக்கு.

சிறப்புப் பள்ளியும் பொதுப் பள்ளியும்

சிறப்பு மழலையர் பள்ளியில் வகுப்பு சிறியது, சிறப்பாசிரியர் உண்டு, தெரபிஸ்டும் அதே கட்டடத்தில் இருப்பார். சத்தத்துக்கு அஞ்சும் குழந்தைக்கு அமைதியான மூலை இருக்கும், சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை இருக்கும். பெற்றோருக்கும் அங்கே தங்களைப் போன்றவர்கள் கிடைப்பார்கள். இது சின்ன விஷயம் இல்லை. அங்கே குறைவது ஒன்று: விளையாட்டுக்குக் கூப்பிடும், பொம்மையைப் பிடுங்கும், ஓயாமல் பேசிக் கேள்வி கேட்கும் சக குழந்தைகள்.

பொதுப் பள்ளியில் அவர்கள் நிறைய உண்டு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாலே சேர்ந்து விளையாடிவிடுவார்கள் என்று நம்புவது தவறு. 1980களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க்கில் உருவான லீப் என்ற முறையில், ஆட்டிசம் உள்ள மூன்று நான்கு குழந்தைகளோடு மற்ற குழந்தைகள் சுமார் பத்துப் பேர் ஒரே வகுப்பில் இருப்பார்கள். எப்படிக் கூப்பிடுவது, எப்படிப் பகிர்வது, பதில் வராவிட்டால் மறுபடி எப்படிக் கேட்பது என்று அந்தப் பத்துப் பேருக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். 2011-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், ஆசிரியர்களுக்கு இரண்டு வருடம் கூடவே இருந்து பயிற்சி தந்த வகுப்புகளும், கையேட்டை மட்டும் தந்த வகுப்புகளும் எதிரெதிரே நின்றன. கூட இருந்து பயிற்சி தந்த வகுப்புக் குழந்தைகளே கூடுதலாக முன்னேறினார்கள். அதனால் ஒரு பொதுப் பள்ளி "எங்க கிட்ட எல்லாக் குழந்தைகளும் இருக்காங்க" என்றால், அது போதுமான பதில் இல்லை. ஆசிரியருக்கு யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்து சொல்லித் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் குழந்தையின் கூடவே இருக்கும் உதவியாளர், விஷயத்தில் கவனம் தேவை. கை கழுவ வரிசையில் நிற்கும் நேரம். உதவியாளர் குழந்தையின் கையைப் பிடித்து நேராக முன்னால் கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, துடைத்தும் விட்டுவிட்டால், வரிசை, காத்திருத்தல், முன்னால் நிற்பவனின் முதுகைத் தட்டிச் சிரிப்பது எல்லாம் போயிற்று. நல்ல உதவியாளர் இரண்டடி பின்னால் நிற்பார், தேவைப்பட்டால் மட்டும் முழங்கையை லேசாகத் தொடுவார்.

இந்த இரண்டில் என் சாய்வு பொதுப் பள்ளிப் பக்கம்தான். ஒரு பெரிய விதிவிலக்கு, சைகை மொழி தேவைப்படும் காது கேளாத குழந்தைகள். சைகை தெரியாத முப்பது பேருக்கு நடுவே ஒரு குழந்தையை உட்காரவைப்பதைச் சேர்த்துக்கொள்வது என்று சொல்ல முடியாது. கையால் சரளமாகப் பேசும் குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள இடம்தான் அவர்களுக்கு மொழி தரும் இடம். உடல்நிலை அடிக்கடி மோசமாகும் குழந்தைக்கும், கொஞ்ச காலத்துக்கு, சிறப்புப் பள்ளி பாதுகாப்பானது.

ஆன்லைன் தெரபியைத் தனி வழியாகவே நான் எண்ணவில்லை. பெற்றோருக்குச் சொல்லித் தர நன்றாக உதவும். மூன்று வயதுக் குழந்தையைத் திரைமுன் உட்காரவைத்து நேரடியாகப் பயிற்சி தருவதில் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

எந்த வழியானாலும் ஒரு பதிலைக் கேட்டால் நான் எழுந்து வந்துவிடுவேன்: "படம், சைகை, பேசும் கருவி எல்லாம் கொடுத்தா பேச மாட்டான்." 2006-ல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நம்பத்தக்க சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியது. பேச்சு வரும் வரை குழந்தையை ஊமையாக வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை.

நடைமுறையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது கலவைதான்: காலையில் பொது மழலையர் பள்ளி, மாதத்தில் சில முறை மையம், மற்றபடி வீடு. ஆனால் மூன்று இடத்திலும் ஒரே இரண்டு மூன்று இலக்குகள் ஓட வேண்டும். பள்ளி ஆசிரியரும் தெரபிஸ்டும் ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டார்கள் என்றால், ஒரு நோட்டைக் குழந்தையின் பையில் போட்டு அனுப்புங்கள், ஆளுக்கு இரண்டு வரி எழுதட்டும். சேர்க்கும்போதே ஒரு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வேலையைக் குழந்தை வீட்டில் செய்யும்போது இன்னொன்று எடுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் முதலில் இலக்கை மாற்றுங்கள், அப்புறம் முறையை, கடைசியில்தான் இடத்தை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால், புதிய ஆட்களோடு பழகவே குழந்தையின் நேரம் போய்விடும்.