மீட்டரை எடுக்காமலே ‘போர்டு போய்விட்டது’ என்பவரிடம் உங்கள் இன்வெர்ட்டரைக் கொடுக்காதீர்கள்

பொது மின்கம்பி எட்டாத வீட்டில், சோலாரையும் பேட்டரியையும் மட்டுமே நம்பி வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு மாதம் அலைந்து, நல்ல நிலையில் இருந்திருக்கக்கூடிய இரண்டு பேட்டரிகளையும் பறிகொடுத்த பிறகு எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டில் 48 வோல்ட் அமைப்பு. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்திருக்கிறோம். சார்ஜரும் உள்ளேயே அமைந்த 5 கேவிஏ இன்வெர்ட்டர் (கேவிஏ என்பது தாங்கும் திறனின் அளவு; ஒரு கேவிஏ அதிகபட்சம் 1000 வாட்), வெயில் இல்லாத நாட்களுக்கு 3.5 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். மூன்று ஆண்டுகள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் இரண்டு கோளாறுகள் சேர்ந்தே வந்தன. இரவில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால், பேட்டரி குறைவு என்று இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடும். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பார்த்தால் திரையில் 50 வோல்ட் காட்டும். சரி, ஜெனரேட்டரை ஓட்டலாம் என்றால், இன்வெர்ட்டர் அதைச் சில நொடிகள் ஏற்கும், ‘டக்’ என்று ரிலே (மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) விழும், விட்டுவிடும். மறுபடி ஏற்கும், மறுபடி விடும்.

பழுது பார்க்க வந்தவர் கையில் ஸ்குரூ டிரைவர் மட்டும்தான் இருந்தது. மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. “போர்டு போய்விட்டது சார். மாற்றினால்தான் உண்டு” என்றார். இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைத்தான் சொன்னார். பேட்டரிகளின் பக்கமே அவர் போகவில்லை. நானும் தலையாட்டினேன். போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். பதினொரு நாள் ஜெனரேட்டரை நேரடியாக வீட்டுக்குக் கொடுத்து ஓட்டினோம், இரவில் மெழுகுவர்த்தி.

புதிய போர்டு என்று ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அலாரம் நின்றுவிட்டது. மோட்டாரும் ஓடியது. மகிழ்ச்சியோடு பணம் கொடுத்து அனுப்பினேன்.

அவர் உண்மையில் செய்தது என்ன என்பது பிறகுதான் தெரிந்தது. பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் இன்வெர்ட்டர் நிற்க வேண்டும் என்ற அளவு எங்கள் வீட்டில் 46 ஆக இருந்தது. அதை அவர் 42 ஆக்கிவிட்டார். அவ்வளவுதான் அந்தப் பழுதுபார்ப்பு. 42 என்றால் ஒரு பேட்டரிக்கு 10.5 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரி முற்றிலும் காலியானதாகக் கணக்கிடும் எல்லை அது. நோயாளியின் காய்ச்சலைத் தணிக்காமல் காய்ச்சல்மானியைப் பிடுங்கி ஒளித்துவைத்த மாதிரி. ஒவ்வோர் இரவும் பேட்டரிகள் அடிமட்டம் வரை வற்றின. பகலில் மேகமூட்டம் என்பதால் முழுமையாக நிறையவும் இல்லை. இப்படிக் குறைசார்ஜிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். கொள்ளளவு குறையும். அது பெரும்பாலும் திரும்பி வராது.

மூன்று வாரத்தில் விளக்குகளே மங்க ஆரம்பித்தன. மீண்டும் அழைத்தேன். இந்த முறை “இரண்டு பேட்டரி செத்துவிட்டது சார்” என்றார். எந்த இரண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அனுபவம்தான்” என்றார். ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கவில்லை, மின்சாரம் இழுக்கும் கருவி ஒன்றை ஓட்டிச் சுமை கொடுத்தும் பார்க்கவில்லை. நான்கில் இரண்டை மட்டும் மாற்றினார். பழையதையும் புதியதையும் ஒரே தொடரில் சேர்ப்பது தவறு என்று இன்று எனக்குத் தெரியும். பழையவை முதலில் வற்றும், முதலில் பொங்கும். புதியவை ஒருநாளும் சரியாக நிறையாது. எல்லாம் முடித்துவிட்டு, “ஜெனரேட்டரும் சோலாருக்குத் தகுந்தது இல்லை, பெரியதாக ஒன்று வாங்குங்கள்” என்றார். அங்கேதான் எனக்கு விழிப்பு வந்தது.

தெரிந்தவர் ஒருவர் மூலம், மின்வேலையில் பழுத்த ஒரு பெரியவர் வந்தார். இன்வெர்ட்டரைத் தொடவே இல்லை. 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை ஓடவிடச் சொன்னார். கேபிளைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில், பேட்டரி கேபிளில் 22 ஆம்பியர் காட்டியது. பிறகு மல்டிமீட்டரின் இரு முனைகளையும், ஒரு பேட்டரியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இணைப்புக் கேபிளின் இரு கோடிகளிலும் வைத்தார். முதல் இணைப்பில் கிட்டத்தட்டப் பூஜ்யம். இரண்டாவதில் 0.9 வோல்ட். “தம்பி, மீட்டரைப் பாருங்கள். இங்கே பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்” என்றார். கேபிளின் முனையில் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக வளையம்) தளர்ந்து, அடியில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அந்த இடம் சூடாகவும் இருந்தது.

பெரியவர் போட்ட கணக்கு இதுதான். 22 ஆம்பியரில் 0.9 வோல்ட் என்றால் அந்தத் தளர்ந்த போல்ட்டின் தடை 0.04 ஓம். மோட்டார் கிளம்பும் நொடியில் அது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். 120 ஆம்பியர் என்று வைத்தால் அந்த ஒரு போல்ட்டிலேயே கிட்டத்தட்ட 5 வோல்ட் தொலைகிறது. பேட்டரியில் 50 இருந்தும் இன்வெர்ட்டருக்கு 45தான் போய்ச் சேருகிறது. அதனால்தான் அது கத்தியது. சார்ஜ் ஏறும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். சார்ஜருக்குத் தெரியும் வோல்ட் அதிகம், பேட்டரிக்குக் கிடைப்பது குறைவு. நிறையும் முன்பே சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். ஒரே ஒரு போல்ட். கம்பித் தூரிகையால் தேய்த்து, புது லக் அழுத்தி, இறுக்கினார். மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அந்த இணைப்புகளை இறுக்கிப் பார்த்ததில்லை. அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

ஜெனரேட்டரிலும் கோளாறு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இன்வெர்ட்டரில் சார்ஜ் மின்னோட்டம் 60 ஆம்பியராக வைக்கப்பட்டிருந்தது. 56 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 3360 வாட். மாற்றத்தில் வீணாவதையும் வீட்டுச் சுமையையும் சேர்த்தால் 3.5 கேவிஏ ஜெனரேட்டர் எப்படித் தாங்கும்? பேட்டரி ஓரளவு நிறைந்திருந்த காலத்தில் சார்ஜர் அவ்வளவு இழுத்ததில்லை, அதனால் தெரியவில்லை. வற்றிய பேட்டரி முழுமூச்சாக இழுத்தபோது எஞ்சின் திணறியது. எங்களுடையது நிமிடத்துக்கு 3000 சுற்றில் 50 ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண்) தரும் வகை. சுற்று குறைந்தால் ஹெர்ட்ஸும் அதே விகிதத்தில் இறங்கும். அது எல்லைக்குக் கீழே போனதும் இன்வெர்ட்டர் கைவிடுகிறது, சுமை போனதும் எஞ்சின் நிமிர்கிறது, மறுபடி ஏற்கிறது. அந்த ‘டக் டக்’ இதுதான். சார்ஜை 30 ஆம்பியராகக் குறைத்து, சுமையில்லாதபோது 52 ஹெர்ட்ஸ் வருமாறு, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் திருத்தினார். அன்றிலிருந்து ஒருமுறைகூட விடவில்லை.

போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல்முறை மூடியைக் கழற்றியபோது, கம்பிகள் எங்கெங்கே போகின்றன என்று தெரிந்துவைக்க ஒரு படம் எடுத்திருந்தேன். பெரியவர் போன பிறகு அதைப் பெரிதாக்கிப் பார்த்து, இப்போது உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டேன். ஒட்டியிருந்த வரிசை எண் அதே எண். மூலையில் வழிந்து காய்ந்திருந்த வெள்ளைப் பசையும் அதே வடிவம். என் போர்டையே எனக்கு விற்றிருக்கிறார். கைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

எனவே கேட்டுக்கொள்கிறேன்: யார் வந்தாலும் மூடியைத் திறக்கும் முன் இன்வெர்ட்டரின் ஒவ்வொரு செட்டிங்கையும் படமெடுத்து வையுங்கள். சுமை ஓடும்போது உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஜெனரேட்டரின் மேல் பழி சொன்னால், இன்வெர்ட்டரை விலக்கிவிட்டு அதற்கு நேராக இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துப் பாருங்கள். அது தடுமாறாமல் இழுத்தால் சிக்கல் பெரும்பாலும் இன்வெர்ட்டரின் செட்டிங்குகளில்தான். வெகுநாள் ஓடாமல் கிடந்தது என்றால் பழைய பெட்ரோல் கார்புரேட்டரை அடைத்திருக்கலாம், அது வேறு கதை.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்வெர்ட்டரைத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். பேட்டரி இணைப்பை இறுக்குவதாக இருந்தால் முதலில் சோலார் பேனலின் சுவிட்சை அணையுங்கள், பிறகு பேட்டரியினுடையதை. மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. ஸ்பேனருக்குக் காப்புறை சுற்றுங்கள். மழை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலடியிலோ ஓட்டவே ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கழற்றிய பொருளை வீட்டைவிட்டு வெளியே விடாதீர்கள் என்பதையும் கடைசியாகச் சொல்கிறேன். எங்கள் பழைய பேட்டரிகள் இரண்டையும் அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவை உண்மையிலேயே செத்திருந்தனவா என்று இனி யாராலும் அளந்து பார்க்க முடியாது.