நாமினி தாயா, மனைவியா? காப்புறுதிப் பணத்திற்குப் போட்டியிடும் உரிமைகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஆயுள் காப்புறுதிப் பணத்திற்காகத் தாயும் மருமகளும் எதிரெதிரே நிற்க நேரும்போது, இரு தரப்பினரும் முதலில் தேடுவது நாமினி படிவத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைத்தான். மலேசியச் சட்டம் அந்தப் பெயரோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பெயர் எழுதப்பட்ட நாளில் பாலிசிதாரருக்கு மனைவியோ பிள்ளையோ உயிரோடு இருந்தார்களா என்பதையும் அது பார்க்கிறது. முஸ்லிம் அல்லாத தமிழ்க் குடும்பங்களில் எழும் இத்தகைய தகராறுகள் பலவற்றின் முடிவு, வழக்கறிஞரின் வாதத் திறமையைவிட அந்தப் படிவத்தின் அடியில் சாட்சியின் கையொப்பத்திற்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும் தேதியைச் சார்ந்திருக்கிறது என்பதே என் கருத்து.

கணக்கு விளங்குவதற்காக, கோலாலம்பூர் செந்தூலில் வாழ்ந்த ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய பாலிசியின் மதிப்பு 200,000 ரிங்கிட். நாமினி அவருடைய தாய். தந்தை முன்பே காலமாகிவிட்டார். உயில் எதுவும் இல்லை. ஓட்டுநர் இறக்கும்போது பதிவுத் திருமணம் செய்த மனைவியும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்போது இரண்டு நிலைகளை ஒப்பிடலாம். முதலாவதில், அவர் திருமணத்திற்கு முன்பே, வேலைக்குச் சேர்ந்த புதிதில், தாயின் பெயரை எழுதிக் கொடுத்தார். இரண்டாவதில், திருமணமாகி முதல் பிள்ளை பிறந்த பிறகு, முகவர் வீட்டுக்கு வந்தபோது, அதே தாயின் பெயரை எழுதினார். படிவமும் பெயரும் ஒன்றுதான், உறவுமுறை என்ற கட்டத்தில் ‘தாய்’ என்று எழுதியிருப்பதும் ஒன்றுதான்.

2013-ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் பத்தாவது அட்டவணை இவ்விரண்டையும் முற்றிலும் வேறாக நடத்துகிறது. முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் மனைவியை, கணவரை அல்லது பிள்ளையை நாமினியாக்கினால் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை, அதாவது பணம் அவர்களுக்கே உரியது என்ற சட்டப் பொறுப்பு, உருவாகிவிடுகிறது. நாமினியாக்கும் வேளையில் துணைவரோ பிள்ளையோ உயிரோடு இல்லாவிட்டால் மட்டுமே பெற்றோரை நாமினியாக்கும்போதும் அதே அறக்கட்டளை உருவாகும். ஆகவே முதலாவது நிலையில் அந்தத் தாய் சட்டப்படி முழுமையான பயனாளி. 200,000 ரிங்கிட்டும் அவருடையது. பின்னால் வந்த திருமணமோ பிறந்த பிள்ளைகளோ அதை மாற்றுவதில்லை. இரண்டாவது நிலையில் அவர் பணத்தைப் பெற்று உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிர்வாகி மட்டுமே. காசோலை அவர் பெயருக்கு வரலாம். ஆனால் பணம் இறந்தவரின் சொத்தில் ஒரு பகுதி.

உயில் இல்லாதபோது அந்தச் சொத்தை 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. துணைவர், பிள்ளைகள், பெற்றோர் ஆகிய மூவகையினரும் இருந்தால் துணைவருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. நம் எடுத்துக்காட்டில் மனைவிக்கு 50,000 ரிங்கிட், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50,000 ரிங்கிட், தாய்க்கு 50,000 ரிங்கிட். முதல் நிலையில் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு சென்னும் இல்லை. இரண்டாவது நிலையில் அவர்கள் மூவருக்கும் சேர்த்து 150,000 ரிங்கிட்.

கடன் விஷயத்திலும் இதே வேறுபாடு தொடர்கிறது. அறக்கட்டளைப் பணம் இறந்தவரின் சொத்தில் சேராது என்பதால் அவருடைய கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. நிர்வாகியாகத் தாய் பெற்ற பணமோ கடனுக்கு உட்பட்டது. லாரிக்கு வாங்கிய கடனில் பாக்கி இருந்தால் அது முதலில் தீர்ந்த பிறகே மேலே சொன்ன பங்குகள் கணக்கிடப்படும். அதனால் தாய் வெறும் நிர்வாகிதான் என்று நிறுவுவதில் வெற்றி கண்ட மருமகளும், கையில் வரும் தொகையைக் கண்டு ஏமாற நேரிடலாம். வழக்கில் இறங்குமுன் கடன் பட்டியலைத் தயாரிப்பது நல்லது.

உயில் இருந்தால் என்ன? "எல்லாம் மனைவிக்கே" என்று கணவர் உயில் எழுதியிருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு வருபவர்கள் உண்டு. நாமினி நியமனத்தை உயிலால் ரத்து செய்ய முடியாது என்று பத்தாவது அட்டவணை வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே முதல் நிலையில் அந்த உயில் காப்புறுதிப் பணத்தைத் தொடாது. இரண்டாவது நிலையில், தாய் நிர்வாகிதான் என்பதால், அவர் உயிலின்படியே பணத்தைக் கொடுத்தாக வேண்டும். அங்கே அதே உயில், கடன் போக, மனைவிக்கு முழுத் தொகையையும் பெற்றுத் தரும்.

இரண்டு படிவங்கள் இருக்கும் வழக்குகள்தான் மிகவும் சிக்கலானவை. மகன் திருமணத்திற்கு முன் தாயை நாமினியாக்கினார், திருமணத்திற்குப் பின் மனைவியின் பெயரில் புதிய படிவம் அனுப்பினார். பிந்தைய நியமனம் முந்தையதை நீக்கும் என்பது பொது விதி. ஆனால் முந்தையது அறக்கட்டளையாக இருந்தால், அறங்காவலரின், அதாவது அந்தப் பணத்தை நாமினிக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவரின், எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அதை ரத்து செய்யவோ பாலிசியைச் சரண்டர் செய்யவோ அடகு வைக்கவோ முடியாது. வேறு அறங்காவலர் நியமிக்கப்படாவிட்டால் வயது வந்த நாமினியே அறங்காவலர். அதாவது தம்மை நீக்கும் படிவத்தில் தாயே கையொப்பமிட்டிருக்க வேண்டும். அந்தக் கையொப்பம் இருக்கிறதா என்பதை மனைவியின் வழக்கறிஞர் முதல் நாளிலேயே காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். நியமனத்திற்குச் சாட்சியாக நின்றவர் 18 வயது நிறைந்தவராகவும் நாமினி அல்லாதவராகவும் இருந்தாரா என்பதையும் அதோடு பார்த்துக்கொள்ளலாம்.

முன்னாள் மனைவிக்கும் இந்நாள் மனைவிக்கும் இடையிலான போட்டியும் இதே தர்க்கத்தில்தான் நடக்கிறது. நியமனம் ரத்தாகும் காரணங்களாக அட்டவணை சொல்பவை நாமினியின் மரணம், எழுத்துபூர்வ அறிவிப்பு, புதிய நியமனம் ஆகியவை. விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. மணவாழ்க்கையின்போது நாமினியாக்கப்பட்டவர், விவாகரத்துக்குப் பிறகும், தாமே சம்மதித்து விலகாதவரை, வலுவான இடத்திலேயே இருக்கிறார். விவாகரத்து உடன்பாட்டிலேயே காப்புறுதிக்கான சம்மதக் கடிதத்தையும் வாங்கிவைப்பது அதனால்தான் முக்கியமாகிறது.

கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த மனைவியின் நிலை இவர்கள் எல்லாரையும்விடப் பலவீனமானது, எனக்கு அதிக வருத்தம் தருவதும் அதுவே. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டச் சீர்திருத்தம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லாததாகிவிடாது என்று அதன் 34-ஆம் பிரிவு கூறுவதை வைத்து வாதாட இடமுண்டு. ஆனால் அது வாதம்தான், கையில் இருக்கும் சான்றிதழ் அல்ல. பங்கீட்டுச் சட்டம் துணைவர், பிள்ளைகள் என்று ஏற்பது சட்டப்படியான துணைவரையும் சட்டப்படியான பிள்ளைகளையும்தான் என்பதால், இந்த ஒரு குறை அந்த மனைவியோடு பிள்ளைகளையும் சேர்த்தே பாதிக்கக்கூடும்.

வங்கிக்கு எழுதிக் கொடுத்த பாலிசி என்றால் பெரிய விவாதம் தேவையில்லை. உரிமை மாற்றம் பெற்றவரின் கோரிக்கை நாமினியின் கோரிக்கைக்கு முன்னால் நிற்கும். மீதி இருந்தால் மட்டுமே மற்றவர்களுக்கு.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு மேலே சொன்ன அறக்கட்டளை விதி பொருந்தாது. சாதாரண ஆயுள் காப்புறுதியில் அவர்களுடைய நாமினி யாராயினும் நிர்வாகியாகவே பணத்தைப் பெற்று, ஃபராயிட் எனும் இஸ்லாமிய வாரிசுரிமை முறைப்படி வாரிசுகளுக்குப் பிரித்தளிக்க வேண்டும். தக்காஃபுல் எனும் இஸ்லாமிய முறைக் காப்புறுதிப் பாலிசியில், நிபந்தனையுடன் கூடிய ஹிபா (கொடை) முறையில் ஒருவரைப் பயனாளியாகவே குறிப்பிட வழி இருக்கிறது. எந்த வகைப் பாலிசி என்பதை முதலில் பார்க்காமல் இரு வீட்டாரும் வாதிடுவதில் பயனில்லை. ஊழியர் சேமநிதியும் வேறு விதிப்படி நடக்கிறது என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே முஸ்லிம் அல்லாதவரின் நாமினி பயனாளியாகவே பெறுகிறார். சேமநிதியில் நடந்ததை வைத்துக் காப்புறுதியிலும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

உரிமை யாருடையது என்பதை ஓரளவு மதிப்பிட்ட பிறகு, அதை எந்த வழியில் தீர்ப்பது என்ற தேர்வு வருகிறது. முதலில் கவனிக்க வேண்டியது காலம். நாமினிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு மனைவிக்கு எஞ்சுவது மாமியாருக்கு எதிரான வழக்கு மட்டுமே, செலவான பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதல்ல. ஆகவே மறுப்பு இருந்தால், பணம் வெளியேறுமுன், பாலிசி எண்ணையும் காரணத்தையும் குறிப்பிட்டு, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, நிறுவனத்தின் இழப்பீட்டுப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் வாங்க வேண்டும். முகவரிடம் வாய்வழியாகச் சொல்வதை நான் போதுமானதாகக் கருதவில்லை.

அத்தகைய கடிதம் வந்ததும் நிறுவனம் செய்யக்கூடியது, 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 17-ஆவது கட்டளைப்படி, போட்டியிடும் இருவரையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோருவது. அந்தப் பணத்தில் தனக்கு உரிமை இல்லை, எந்தத் தரப்போடும் கூட்டு இல்லை, நீதிமன்றத்தில் செலுத்தத் தயார் என்று நிறுவனம் சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டும். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் நடக்கும் இத்தகைய விசாரணையின் பெரிய நன்மை, பணம் பத்திரமாக இருப்பது. எந்தத் தரப்பும் அதைச் செலவழிக்க முடியாது. அழைப்பு வந்தும் முன்னிலையாகாதவர் தம் கோரிக்கையை இழக்க நேரிடலாம் என்பதையும் மறக்கக் கூடாது. குறை, நிறுவனத்தின் செலவு பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்தே கழிவதும், இரு தரப்பும் தனித்தனி வழக்கறிஞருக்குப் பணம் கட்டுவதும்தான். தொகை சிறியதாக இருந்தால் வழக்கே அதன் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

மாறாக, நிதிச் சந்தைக் குறைகேள் அமைப்பு, ஒரு நுகர்வோருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான பிணக்குக்கானது. நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தாலோ இழுத்தடித்தாலோ அங்கே போகலாம். தாய்க்கும் மனைவிக்கும் இடையில் யார் பக்கம் நியாயம் என்று தீர்மானிக்க அது உகந்த இடமல்ல.

பேசித் தீர்ப்பது மூன்றாவது வழி. கோலாலம்பூர் நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையம் இருக்கிறது. வழக்குத் தொடங்கிய பிறகும் அங்கே போகலாம், அங்கே பேசப்படுபவை வழக்கில் எதிராகப் பயன்படுத்தப்பட மாட்டா. எந்த நிலையில் சமரசம் நல்லது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இரண்டு படிவங்கள், ஐயத்துக்குரிய சாட்சி, பதிவற்ற திருமணம் என விடை உண்மையிலேயே இரண்டு பக்கமும் சாயக்கூடிய வழக்குகளில் சமரசமே முதல் தேர்வாக இருக்க வேண்டும். தாய் தெளிவான அறக்கட்டளைப் பயனாளியாக இருக்கும்போது மருமகள் வழக்குப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே அவர் கேட்கக்கூடியது பேரப்பிள்ளைகளின் பெயரால் ஒரு பங்கு, அது தாய் மனமுவந்து கொடுப்பது. மாறாக, தாய் வெறும் நிர்வாகி என்பது தேதியாலேயே தெளிவாகும்போது, "பாதி வைத்துக்கொள்ளுங்கள்" என்று மருமகள் விட்டுக்கொடுப்பது அவருடைய பங்கோடு நிற்பதில்லை.

காரணம், பிள்ளைகள். நம் எடுத்துக்காட்டில் 100,000 ரிங்கிட் பிள்ளைகளுடையது, அவர்களுடைய தாய்க்கும் அதை விட்டுக்கொடுக்கும் உரிமை இல்லை. 18 வயது நிறையாதவர்களின் உரிமையைத் தொடும் உடன்பாட்டுக்கு நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. பாட்டியும் தாயும் மனமொத்துக் கையொப்பமிட்ட தாளாக இருந்தாலும், ஒப்புதல் இல்லாவிட்டால் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே சமரசம் எட்டிய பிறகும், பிள்ளைகளின் தொகை தனியே எழுதப்பட்டு, அது யாருடைய பொறுப்பில் எந்தக் கணக்கில் இருக்கும், படிப்புக்காக எப்போது எடுக்கலாம் என்பவை குறிக்கப்பட்டு, நீதிபதியின் முன் வைக்கப்பட வேண்டும். இரு பெண்களில் எவரையும் தனியாக நம்ப இயலாத நிலையில், அமானா ராயா போன்ற பொது அறங்காவலரிடம் பிள்ளைகளின் பங்கை ஒப்படைக்குமாறு கேட்கலாம். அதற்கான கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்து, உடன்பாட்டில் யார் ஏற்பது என்றும் எழுதிக்கொள்ள வேண்டும்.