டேர்போக் காரின் ஒயில் புகை: கொம்பனி குடுத்தபடி விடுவதா, வெளியே ஊதவிடுவதா, கானில் பிடிப்பதா?

கிளிநொச்சியில் ஒரு ரொயோட்டா ஸ்டார்லட் கிளான்சா டேர்போக் காரை வைத்துக்கொண்டு மூன்று வருசத்துக்குள் மூன்று விதமாக ஹோஸ் மாற்றியவன் நான். "கச் கான் போடவோ, சும்மா ஒரு சின்ன பில்டரைச் செருகிவிடவோ" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். கச் கான் என்பது எஞ்சின் புகையில் வரும் ஒயிலைப் பிடித்துவைக்கும் டப்பா; எங்கும் திறப்பில்லாத, பூட்டிய கானின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

பிஸ்டன் றிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போ உள்ள எஞ்சினில் அமுக்கம் கூட, கசிவும் கூட. அந்த வாயு ஒயில் துளி, எரியாத பெற்றோல், நீராவி எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வெளியே வர வழி தேடும். வழி விடாவிட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களில் ஒரு பைப்பைக் கீழே தொங்கவிட்டு ரோட்டுக்கு ஊதவிட்டார்கள். பிறகுதான் அந்தப் புகையைத் திரும்ப எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கும் பிசிவி முறை வந்தது. கலிபோர்னியாவில் 1960களின் தொடக்கத்திலேயே அதைக் கட்டாயமாக்கினார்கள்.

டேர்போக் காரில் இதற்கு இரண்டு பாதை. மெதுவாக ஓடும்போது, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் குழாயான இன்டேக் மனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்கும். புகை பிசிவி வால்வு என்ற ஒருவழிக் கதவால் அங்கே போகும். மிதித்து பூஸ்ட், அதாவது டேர்போ தள்ளும் காற்றின் அமுக்கம், ஏறியதும் அதே மனிஃபோல்டில் அமுக்கம் வந்துவிடும். அப்போது வால்வு கதவைச் சாத்த வேண்டும். புகை மற்றப் பக்கத்தால், எஞ்சின் மூடியில் இருந்து டேர்போவின் வாய்க்குப் போகும் ஹோஸால் வெளியேறும். பிறகு டேர்போ, அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் எல்லாவற்றுக்குள்ளாலும் ஒயில் பூசிக்கொண்டுதான் அது எஞ்சினுக்கு வந்துசேரும்.

முதலாவது தெரிவு, கொம்பனி குடுத்ததை அப்படியே வைத்திருப்பது. இதைச் சோம்பேறிகளின் தெரிவு என்று நினைத்திருந்தேன். கிளான்சா 1996 முதல் 1999 வரை வந்த கார். 1331 சிசி, 135 குதிரைவலு. ஆகக் கடைசியாக வந்ததற்கே கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. அதன் பிசிவி வால்வுக்கும் அதே வயசு. நான் வாங்கிய புதிதில் மிதித்தால் பின்னால் நீலப் புகை, ஒயில் பார்க்கிற கம்பி தானாக மேலே எழும்பி நிற்கும். ரவுனுக்குள் ஒரு கராஜில் டேர்போ முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். பரந்தனில் ஒரு வயசான மெக்கானிக் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "டேர்போவைத் தொடாதையும் தம்பி. முதல் இந்த வால்வைக் கழட்டி ஊதிப்பாரும்."

ஊதினேன். இரண்டு பக்கமும் காற்றுப் போனது. பூஸ்ட் முழுக்க எஞ்சினின் கீழ்ப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டேர்போவுக்குப் போகும் ஒயில் திரும்பி வருவது தன் பாரத்தால் மட்டும்தான். கீழே அமுக்கம் நின்றால் அது வடியாது, சீலைத் தாண்டிப் புகையாகும். வால்வும் இரண்டு ஹோஸும் புதிதாகப் போட்டேன். பழைய ஒயில் எரிந்து முடியும்வரை ஒரு கிழமை புகைத்தது, பிறகு நின்றது. அதே சீ.ரி.9 டேர்போதான் இன்றும் ஓடுகிறது. ஆகவே எந்தக் கானை வாங்க நினைத்தாலும் வால்வை முதலில் பாருங்கள். கழற்றி ஆட்டினால் உள்ளே கிலுங்க வேண்டும். மனிஃபோல்ட் பக்கத்தால் ஊதினால் போகக் கூடாது.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் இன்டர்கூலரைக் கழற்றியபோது உள்ளே பளபளவென்று ஒயில். ஒயில் கலந்த காற்றுப் போனால் பெற்றோல் தன் ஒக்டேன் குறைந்ததுபோல நடக்கும், எஞ்சின் தட்டும். 95 பெற்றோல் நினைத்த நேரம் நினைத்த ஷெட்டில் கிடைக்காத ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

இரண்டாவது, திறந்த முறை. டேர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்து, எஞ்சின் மூடியில் ஒரு சின்ன பில்டர். அல்லது பில்டர் வைத்த கான். செலவு குறைவு, பார்க்கவும் ஷோக். ரேஸ் ஓடுகிறவர்கள் இதைப் போடுவது அவர்களுக்குச் சரி. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பொனற்றைத் திறக்கிறவர்கள் அவர்கள்.

நான் ஓடினது இரணைமடு வாய்க்கால் ரோட்டில், சோளகம் அடிக்கிற ஆடி மாதத்தில். கிரவல் தூசியும் ஒயிலும் சேர்ந்து அந்த பில்டர் இரண்டு மாதத்தில் சீமெந்துக் கட்டி. மூச்சுவிட வைத்த துவாரமே அடைபட்டு, விட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தேன்: கம்பி மேலே எழும்பியது. பிசிவியைப் பழையபடி விட்டிருந்ததால் மெதுவாக ஓடும்போது எஞ்சின் அந்த பில்டரால்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. தூசியின் ஒரு பங்கு நேரே ஒயிலுக்குள். மணமோ சொல்ல வேண்டாம். வவுனியாவில் சிக்னலில் நிற்கும்போது அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடா, திரும்பவும் மண்ணெண்ணெயில ஓடுறியோ" என்றா. சண்டைக்காலத்துப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெய்க் காரில் போனவவின் மூக்கு அது, பிழைக்காது.

இப்போது இருக்கிறது மூன்றாவது. எஞ்சின் மூடியில் இருந்து ஹோஸ் கானுக்கு, கானில் இருந்து டேர்போவின் வாய்க்கு. எங்கும் திறப்பு இல்லை. பூஸ்ட் ஏறும்போது டேர்போ இழுக்கும் இழுவை கிராங்க்கேஸை வெறுமையாக்கிக்கொண்டே இருக்கும். திறந்த முறையில் அந்த இழுவை கிடையாது. மணமும் இல்லை, தூசியும் இல்லை. பிசிவி பாதையில் நான் கை வைக்கவில்லை. ஒருமுறை அங்கேயும் கான் போட்டுப் பார்த்தேன். மலிவுக் கானின் மூடி காற்றை இழுத்து ஐட்லிங் ஏறி இறங்கத் தொடங்கியது, கழற்றிவிட்டேன். நல்ல கான் என்றால் அங்கேயும் சரிவரக்கூடும்.

கான் என்று விற்கிறதில் பாதி வெறும் டப்பா. உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் புகை ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போய்விடும், ஒயில் தங்காது. சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளை உள்ளே திணிக்கலாம், ஆனால் துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும்; சாதாரணச் சுருள் உக்கி உதிர்ந்து டேர்போவின் செட்டைக்குப் போகும். வாய் பழைய ஹோஸைவிட ஒடுக்கமாக இருந்தால் வாங்க வேண்டாம். தண்ணி ஹோஸ் போடவும் வேண்டாம், ஒயில் பட்டு ஊதி, சூட்டில் சப்பையாகிவிடும். கானை டேர்போவுக்குப் பக்கத்தில் வைத்தால் வன்னி வெயிலுக்கு அதுவே அடுப்பு. ஆவி குளிர்ந்தால்தானே துளியாகும்? என்னுடையது முன் பம்பருக்குப் பின்னால், காற்றுப் படுகிற இடத்தில் இருக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் தீர்மானிக்க முதல் யோசிக்க வேண்டியது இன்னொன்று: கானை வெறுமையாக்க மறந்தால் என்ன நடக்கும்? வாங்கும்போது இதை ஒருவரும் கேட்பதில்லை. கொம்பனி முறையில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை, அது அதன் பெரிய பலம். திறந்த கான் நிரம்பினால் வழியும். சூடான எக்ஸோஸ்ட் மேல் வழிந்தால் நெருப்பு. பூட்டிய கான் நிரம்பினால் ஒரு வளைவில் ஒயிலை அப்படியே டேர்போ விழுங்கும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒருதரம் வடிப்பது என்று கேட்பார்கள். கிலோமீற்றர் கணக்கு இங்கே சரிவராது. கோடையில் ஏ9 வழியே நெடுக ஓடினபோது இரண்டாயிரம் கிலோமீற்றருக்கு அரைத் தேத்தண்ணிக் கோப்பை கறுப்பு ஒயில்தான் வந்தது. மாரியில் வீடு, கந்தோர், கடை என்று துண்டு துண்டாக ஓடினபோது அறுநூறு கிலோமீற்றருக்குள் அதே அளவு வந்தது. ஆனால் பால்தேத்தண்ணி நிறம். பெரும்பகுதி தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் சூடேற முதல் நிற்பாட்டினால் அதில் கசிந்த பங்கு உள்ளேயே குளிர்ந்துவிடும். முதன்முதல் அந்த நிறத்தைப் பார்த்து ஹெட் காஸ்கெட் போய் றேடியேற்றர் தண்ணி ஒயிலுக்குள் வருகிறது என்று பயந்து றேடியேற்றரைத் திறந்து பார்த்தேன். தண்ணி குறையவில்லை. நெடுகலாக ஒரு ஓட்டம் யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு வந்தது கறுப்புத்தான்.

ஆகவே என் ஒழுங்கு இது: கோடையில் மாதம் ஒருமுறை, கார்த்திகை, மார்கழியில் ஒவ்வொரு ஞாயிறும். அடியில் வடிக்கிற திருகு உள்ள கானாக வாங்கினால் இரண்டு நிமிச வேலை. திருகு இல்லாததை முழுதாகக் கழற்ற வேண்டும். அதை மூன்றாம் ஞாயிறோடு விட்டுவிடுவீர்கள், நானும் விட்டேன். வடித்ததை "ஒயில்தானே" என்று திரும்ப ஊற்றவும் கூடாது. பெற்றோலும் தண்ணியும் கலந்த சாமான் அது.

விற்கும் விலையைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல இல்லை. 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய காரின் பழைய பாகமும் பவுண் மாதிரி ஆனது. 2025 இல் திறந்தும் கிளான்சா திரும்ப வரப்போவதில்லை. ஆகவே கழற்றிய கொம்பனி ஹோஸை எறியாமல் வையுங்கள்.

என் அனுபவம் இந்த ஒரு காரோடுதான். இதில் பெற்றோல், சிலிண்டருக்குக் காற்று விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் பீச்சப்படுவதால் அந்த வால்வு தானாகக் கழுவுப்படும். மச்சானின் சிவிக் 1.0 போல நேரே சிலிண்டருக்குள் பீச்சுகிற எஞ்சினில் அந்தக் கழுவல் இல்லை. ஒயில் வால்வின் முதுகில் கருகிக் கட்டியாகும். அங்கே பிசிவி பாதையில்தான் கான் வேலை செய்ய வேண்டும், அதுவும் நல்ல கான். மாரிக்கு முதல் வாங்கிவிடுவேன் என்கிறான். என் பழைய மலிவுக் கானைச் சும்மா தா என்றும் கேட்டான். குடுக்கவில்லை.