பாஸ்காவில் சோறு உண்டா? இரண்டு யூத மரபுகள்

யூதர்களுக்குத் தோரா என்னும் வேதநூல் ஒன்றுதான், பழக்கங்களில்தான் பிரிகிறார்கள். ஜெர்மனி, போலந்து, ரஷ்யப் பகுதிகளில் வேரூன்றியவர்கள் அஷ்கெனாசிகள். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வட ஆப்பிரிக்காவிலும் உதுமானியப் பேரரசிலும் குடியேறியவர்களின் வழியினர் செஃபார்டிகள்.

வேறுபாடு பளிச்சென்று தெரிவது பாஸ்காவில். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் அந்த நாள்களில், கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்கள் புளித்த வடிவில் வீட்டில் இருக்கவே கூடாது. இதில் இரு தரப்பும் ஒன்று. அரிசி? மாவாக அரைத்தால் கோதுமையோடு குழம்பிவிடும், மூட்டையில் தானியம் கலந்துவிடும் என்ற அச்சத்தால் அஷ்கெனாசிகள் அரிசியையும் பருப்பு வகைகளையும் தொடுவதில்லை. 13ஆம் நூற்றாண்டு பிரான்சிலேயே இருந்த வழக்கம் அது. செஃபார்டிகளில் பலரோ அரிசியை மூன்று முறை மணி மணியாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டுச் சமைக்கிறார்கள். என் மனம் சாய்வது இவர்கள் பக்கம்தான். ஒதுக்கிவிடுவதைவிட உட்கார்ந்து பொறுக்குவதில் பக்தி கூடுதலாகத் தெரிகிறது. 2015இல், காலத்துக்கேற்பச் சில மாற்றங்களை ஏற்கும் கன்சர்வேட்டிவ் என்ற யூதப் பிரிவின் சட்டக் குழு அஷ்கெனாசிகளுக்கும் அனுமதி தந்தது; மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் அஷ்கெனாசிகள் பழைய வழக்கிலேயே நிற்கிறார்கள்.

பெயர் சூட்டுவதிலும் இரண்டு வழி. அஷ்கெனாசிகள் மறைந்த உறவினரின் பெயரை வைப்பார்கள். உயிரோடிருப்பவர் பெயர் ஆகாது. செஃபார்டி வீடுகளில் தாத்தா இருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயர். 'பெயரன்' என்ற சொல்லையே வைத்திருக்கும் நமக்கு இது உடனே புரியும்.

வாசல் நிலையில் பொருத்தும் மெசுசாவை, அதாவது தோரா வசனங்கள் எழுதிய சுருளைக் கொண்ட சிறு பேழையை, அஷ்கெனாசிகள் சாய்த்தும் செஃபார்டிகள் நேராகவும் வைக்கிறார்கள்.