ஏற்காட்டிலிருந்து பூனை வைத்தியம்: இரண்டரை வருடத்துக்குப் பிறகு

கன்னங்குறிச்சியில் இருக்கும் ஒரு தோழி போன வாரம் போன் செய்தாள். "நானும் ரெண்டு குட்டி எடுத்து வளர்த்துக் குடுக்கலாம்னு இருக்கேன்க்கா. நீங்க இருக்கிற குழு எப்படி? வைத்தியச் செலவெல்லாம் அவங்களே பாத்துக்கறாங்களா?"

பார்த்துக்கொள்கிறார்கள். அதோடு பதிலை முடித்திருக்கலாம். ஆனால் அவள் கேட்ட நேரத்தில் என் சமையலறை மூலையில் ஒரு கடுவன் பூனை படுத்திருந்தது. மூத்திரம் போக வைத்த குழாயை எடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. முக்கால் மணி நேரம் பேசிவிட்டேன். பேசியதில் கோபம் எவ்வளவு, நியாயம் எவ்வளவு என்று அப்புறம் யோசித்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆதரவில்லாத பூனைகளை வீட்டில் வைத்து வளர்த்து, நல்ல வீடு தேடிக் கொடுக்கும் இந்தக் குழுவில் 2023 ஜூலையில் சேர்ந்தேன். இதுவரை 26 பூனைகள் எங்கள் வீட்டில் தங்கிப் போயிருக்கின்றன. பெரும்பாலும் காபித் தோட்டத்து லைன் வீடுகளின் பின்னால், விறகு அடுக்குக்குக் கீழே, தாயில்லாமல் கிடைத்த குட்டிகள். தங்க இடம், சாப்பாடு, ராத்திரிக் கண்விழிப்பு என் பொறுப்பு. பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை, நோய் வந்தால் வைத்தியம் குழுவின் பொறுப்பு.

என் குறை எல்லாம் சீட்டில்தான்.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் குழுவின் வாட்ஸப்பில் எழுத வேண்டும். எடை எவ்வளவு, என்ன செய்கிறது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, ஒரு போட்டோ. ஒருங்கிணைப்பாளர் அதைப் பார்த்து எண் போட்டு ஒரு சீட்டு அனுப்புவார். சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் கிளினிக்கில் அதைக் காட்டினால்தான் பில் குழுவின் கணக்கில் ஏறும். சீட்டு இல்லாமல் போனால் பணம் நம்முடையது.

ஊருக்குள் இருப்பவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஃபேர்லேண்ட்ஸிலோ அழகாபுரத்திலோ இருந்தால் சீட்டு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். எனக்கு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் கூடையை வைத்துக் கயிறு கட்டி இறங்குவேன். முதல் நாலைந்து வளைவு வரை கத்தும், அப்புறம் அடங்கிவிடும், அடிவாரம் வருவதற்குள் வாந்தி எடுக்கும். கிளம்பும்போது சீட்டு வந்திருக்கவில்லை என்றால் நடுவழியில் பல இடங்களில் சிக்னலும் இருக்காது. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திப் போனைப் பார்ப்பேன். வரவில்லை என்றால் மரத்தடியில் நிற்பேன். கூடைமேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் நின்ற நாளும் உண்டு. மேலே ஸ்வெட்டரோடு கிளம்பிய எனக்கே அங்கே வியர்த்துக் கொட்டும். கூடைக்குள் இருப்பது அரைக் கிலோகூட இல்லாத குட்டி.

ஒரு ஈத்துக் குட்டிகளுக்குக் குறைந்தது நாலு முறை இறங்க வேண்டும். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதம் முடிந்ததும் ரேபிஸ் ஊசி, அப்புறம் கருத்தடை. எல்லாமே முன்கூட்டித் தெரிந்த தேதிகள். இதற்கும் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு கேட்க வேண்டும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கிளினிக்கைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். டாக்டரம்மா பூனையை மேசைமேல் போட்டு அமுக்க விடமாட்டார். கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, அது உட்கார்ந்த இடத்திலேயே வயிற்றைத் தடவிப் பார்ப்பார். ஊசி என்றால் அங்கிருக்கும் அண்ணன் ஒரு பழைய துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, முகம் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். இரண்டரை வருடத்தில் அவர் ஒரு பூனையைக்கூடக் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கி நான் பார்த்ததில்லை. முதலில் கடித்தே தீருவேன் என்று வந்த பூனைகள் மூன்றாம் முறை அவர் கையில் கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்காகவே இருபது வளைவும் இறங்கலாம்.

குழுவும் நிறையக் கற்றுக்கொடுத்தது. சேர்ந்த அன்றே ஒரு நோட்டு தந்தார்கள். சமையலறைத் தராசில் தினமும் குட்டியை நிறுத்து எழுத வேண்டும். நாளுக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஏறாமல் நின்றால் அதுதான் முதல் எச்சரிக்கை, மற்ற அறிகுறிகள் பெரும்பாலும் அப்புறம்தான் தெரியும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனசோடு குழந்தை சிரப்பைக் கொண்டுவந்து, "ரெண்டு சொட்டு விடு, சரியாயிடும்" என்று நின்றபோது, அந்தப் பாடம் இல்லாவிட்டால் நான் விட்டிருப்பேன்.

அந்தச் சிரப் வந்த ராத்திரியைத்தான் மறக்க முடியவில்லை. 2024 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை. நாலு குட்டிகள், ஏழு வாரம். அடுத்த வாரம் முதல் ஊசி. வெள்ளைக் கால் குட்டி காலையில் 20 கிராம் குறைந்திருந்தது. சாயங்காலம் மஞ்சளாக வாந்தி. தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது, ஆனால் குடிக்கவில்லை. 7:10-க்கு எல்லா விவரத்தோடும் எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் சொந்தக்காரர் கல்யாணத்தில் இருந்திருக்கிறார். பதினொரு மணிக்கு இன்னொருவரைப் பிடித்தேன். தனக்குச் சீட்டுப் போடும் அதிகாரம் இல்லை என்றார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சீட்டு இல்லாமலே இறங்கினேன். டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்து கதவைத் திறந்தார். பேன்லுகோபீனியா, பூனைகளுக்கு வரும் கொடிய வைரஸ் நோய். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. டிரிப் ஏற்றினார்கள். 2,300 ரூபாய் நான் கட்டினேன். 10:40-க்குச் சீட்டு வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் குட்டி இறந்துவிட்டது.

ஊசி போடாத இந்த வயதுக் குட்டிக்கு இந்த நோய் வந்தால் எவ்வளவு வைத்தியம் செய்தாலும் பல குட்டிகள் தங்குவதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அதனால் சீட்டு நேரத்துக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தப் பத்து மணி நேரமும் அதற்கு ஒரு சொட்டு டிரிப்கூட ஏறவில்லை. "முன் அனுமதி இல்லாத செலவு" என்று முதலில் பணத்தை மறுத்தார்கள். ஆறு வாரம் கழித்துப் பாதி வந்தது. அன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

விதி எதற்காக வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நான் சேர்வதற்கு முன்னால் ஒருவர் தன் சொந்தப் பெர்சியன் பூனையின் வைத்தியத்தை எல்லாம் தெருப்பூனைக் கணக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். குழு மாதக்கணக்கில் கிளினிக்குக்குக் கடன்பட்டுக் கிடந்தது. நூறு, இருநூறு என்று மக்கள் அனுப்பும் பணம் அது. மாதாமாதம் கணக்குப் போடுகிறார்கள், நான் வரி வரியாகப் பார்த்திருக்கிறேன், ஒரு ரூபாய் இடறாது. ஒருங்கிணைப்பாளர் பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சம்பளமில்லாமல் இதைச் செய்கிற பெண்.

அந்தச் சாவுக்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். மீதி மூன்று குட்டிகளையும் அன்றே கீழே வரவழைத்து வைத்தியம் பார்த்தார்கள், இரண்டு பிழைத்தன. அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம்கூடத் தங்கும், சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது, ஃபினாயில் பூனைக்கும் ஆகாது என்று சொல்லி, பிளீச் கொடுத்தனுப்பி, எப்படிக் கலக்குவது, எவ்வளவு நேரம் ஊறவிடுவது என்று போனிலேயே கூட இருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு ஊசி போட்டு முடித்த பெரிய பூனைகளை மட்டும்தான் என்னிடம் அனுப்பினார்கள்.

அந்த டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, கருத்தடை முடிந்து நாலு நாள் ஆன ஒரு பெண்பூனை என்னிடம் இருந்தது. தையல் ஓரம் சிவந்து நீர் கசிந்தது. டாக்டரம்மா தினமும் வீடியோவில் பார்த்துச் சொன்னதை வைத்தே காப்பாற்றினேன். பாதை திறந்ததும் மேலே வந்த ஒரு ஜீப்பில் அந்தத் துணிக்கடைப் பெண் மருந்து அனுப்பியிருந்தார். சீட்டு கேட்கவில்லை. அவசரம் என்றால் அவர்களால் முடியும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அதனால்தான் இப்போது நடந்தது இன்னும் கசக்கிறது.

இந்தக் கடுவன் நாலு வயது, செம்பட்டை நிறம். போன வாரம் ஒரு சாயங்காலம் மண் தட்டுக்குப் போவதும் குந்துவதும் வெறுமனே எழுந்து வருவதுமாக இருந்தது. எட்டு மணிக்குக் கத்த ஆரம்பித்தது. அடிவயிறு கல் மாதிரி இருந்தது. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல், அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். எழுதினேன். பதில் வந்தது: "கடைசியாக எப்போது போனது? மண் தட்டின் போட்டோ அனுப்பவும்."

அனுப்பவில்லை. நேராக டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில், முன்னால் பத்தடிகூடத் தெரியாத மூடுபனியில் இறங்கினோம். பதினொரு மணிக்கு அவர் கிளினிக்கைத் திறந்து வைத்திருந்தார். மயக்கம் கொடுத்துக் குழாய் வைத்து மூன்று நாள் டிரிப். சீட்டு மறுநாள் மத்தியானம் வந்தது. நான் சத்தம் போட்ட பிறகு பில்லை முழுதாக ஏற்றுக்கொண்டார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். குட்டியைக் கையில் கொடுக்கும்போதே ஊசிக்கும் கருத்தடைக்குமான நாலு சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஆளுக்கொரு அவசரச் சீட்டு, 2,000 ரூபாய் வரை என்று வரம்பு வைத்து, கையில் கொடுங்கள். தவறாகப் பயன்படுத்தினால் பிடுங்கிக்கொள்ளுங்கள். இரண்டு முறை எழுதிவிட்டேன். "பார்க்கிறோம்" என்கிறார்கள்.

கூட்டிக் கழித்தால் சேரச் சொல்லத்தான் வேண்டும். 26-இல் 21 நல்ல வீடுகளுக்குப் போயிருக்கின்றன. அத்தனை வைத்தியத்தையும் என் கைக்காசில் நான் செய்திருக்கவே முடியாது. ஆனாலும் தோழியிடம் இப்போது வேண்டாம் என்றுதான் சொன்னேன். "நீங்க மட்டும் இருக்கீங்களேக்கா" என்றாள். டாக்டரம்மாவையும் அந்தத் துண்டுக்கார அண்ணனையும் விட்டுப் போக மனசு வரவில்லை என்றேன். மீறிச் சேர்ந்தால் 5,000 ரூபாயைத் தனியாக எடுத்து வை, ராத்திரியில் வண்டி எடுக்கிற ஒரு ஆளைச் சொல்லி வை என்றும் சொன்னேன்.

இன்று காலை மண் தட்டில் மூன்று இடத்தில் ஈரம். போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன். குழுவுக்கு அனுப்பவில்லை.